பனி விலகியபோது தெரிந்த பழைய ஊர்: பென்குயின் எலும்புகள் சொல்லும் பருவநிலை வரலாறு

2016ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அண்டார்டிகாவின் ராஸ் கடலோரத்தில் இரிசார் முனை என்றொரு பாறைப் பகுதி இருக்கிறது. அங்கே சென்ற அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் எம்ஸ்லி, பனி உருகி வெளிப்பட்டிருந்த தரையைப் பார்த்துக் குழம்பிப் போனார். தரையெங்கும் கூழாங்கற்கள் சிதறிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே பென்குயின்களின் எலும்புகள், இறகுகள், எச்சம். குஞ்சுகளின் உடல்களும் கிடந்தன. சில உடல்களில் இறகுகூட உதிரவில்லை. பார்ப்பதற்குச் சமீபத்தில் இறந்தவை போலவே இருந்தன.

ஆனால் கணக்கு இடித்தது. 1901 முதல் 1904 வரை ராபர்ட் ஸ்காட் தலைமையில் பிரிட்டிஷ் ஆய்வுப் பயணிகள் ராஸ் கடல் பகுதிக்கு வந்தார்கள். அவர்கள் காலம் தொட்டு இன்றுவரை இரிசார் முனையில் பென்குயின்கள் கூடு கட்டியதாக எந்தப் பதிவும் இல்லை. யாருமே குடியிருக்காத இடத்தில் இத்தனை குஞ்சுகள் எப்படி இறந்து கிடக்கும்?

எலும்பு, தோல், இறகு, முட்டை ஓடு எல்லாவற்றையும் எடுத்துச் சென்று வயதைக் கணித்தபோது விடை கிடைத்தது. அவற்றில் புதியவை போலத் தெரிந்தவைக்கே வயது ஏறத்தாழ 800 ஆண்டுகள். மிகப் பழையவை ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. இடைப்பட்ட காலத்தில் பென்குயின்கள் அங்கே குறைந்தது மூன்று முறை குடியேறி, மூன்று முறையும் விட்டுச் சென்றிருக்கின்றன. கடைசியாகக் கிடந்த உடல்களைப் பனி மூடியது. நம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்த மீன் போல அவை 800 ஆண்டுகள் கெடாமல் இருந்தன. இப்போது பனி விலகியதால்தான் அவை வெளியே தெரிகின்றன. இந்த ஆய்வு 2020இல் 'ஜியாலஜி' என்ற அறிவியல் இதழில் வெளியானது.

ஒரு பறவை தன் இடத்தை விட்டுப் போனதில் நாம் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நிறைய இருக்கிறது. வெப்பமானி கண்டுபிடிக்கப்படாத காலத்தில், மனிதன் காலடியே படாத ஒரு கண்டத்தில், கடலும் பனியும் எப்படி இருந்தன என்பதைச் சொல்ல இந்தப் பறவைகளைப் போன்ற சாட்சிகள் மிகக் குறைவு. அந்தச் சாட்சியத்தை எப்படிக் கேட்பது, எங்கே நிதானம் தேவை என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கல்லால் கட்டிய கூடு

அண்டார்டிகாவில் வாழும் பென்குயின் இனங்களில் அடேலி பென்குயினைத்தான் இந்த ஆய்வுகளில் அதிகம் காண்கிறோம். நின்றால் 70 சென்டிமீட்டர் அளவு உயரம். எடை 4 முதல் 6 கிலோ. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். 1840இல் அண்டார்டிகா சென்ற பிரெஞ்சுக் கடற்பயணி டூமோன் டர்வில் தன் மனைவி அடேலின் பெயரை அந்த நிலப்பகுதிக்கு வைத்தார். அதன் வழியாகப் பறவைக்கும் அந்தப் பெயர் வந்தது.

அண்டார்டிகாவில் மரம் இல்லை, புதர் இல்லை, வைக்கோல் இல்லை. எனவே அடேலி பென்குயின் கல்லால் கூடு கட்டுகிறது. சிறு சிறு கூழாங்கற்களை அலகால் கவ்வி வந்து குவிக்கும். பக்கத்துக் கூட்டிலிருந்து திருடுவதும் உண்டு. பனி உருகி ஓடும் நீரில் முட்டை நனையாமல் இருக்க இந்தக் கல்மேடு உதவுகிறது. நவம்பர் மாதத்தில் பொதுவாக இரண்டு முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். ஒன்று கூட்டில் இருக்க, மற்றொன்று கடலுக்குப் போய் இரை தின்று வரும்.

ஆயிரக்கணக்கான ஜோடிகள் ஒரே இடத்தில் நெருக்கமாகக் கூடு கட்டுகின்றன. இதைத்தான் காலனி என்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு அதே இடத்துக்கே திரும்பி வரும் வழக்கம் உள்ளதால், கல், எச்சம், உடைந்த முட்டை ஓடு, இறந்த குஞ்சு, இறகு, தின்ற மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல் என்று எல்லாம் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. வேறு நாடாக இருந்தால் மழையும் பூச்சியும் கிருமியும் இவற்றை அழித்துவிடும். அண்டார்டிகாவின் குளிரும் வறட்சியும் இவற்றைக் காப்பாற்றி வைக்கின்றன.

அங்குள்ள பாறைக் கரையில் ஒரே அளவான கூழாங்கற்கள் வட்ட வட்டமாகக் குவிந்து கிடந்தால், ஒரு காலத்தில் அது பென்குயின்களின் ஊர் என்று ஆய்வாளர்கள் கண்டுகொள்வார்கள். பிறகு அந்த இடத்தில் சிறு குழி தோண்டி, மண்ணை அடுக்கடுக்காக எடுத்துச் சலிப்பார்கள். மேலடுக்கு பிந்திய காலம். கீழடுக்கு முந்திய காலம்.

பென்குயினுக்குத் தேவையான மூன்று

அடேலி பென்குயின் ஓர் இடத்தில் குடியிருக்க மூன்று நிபந்தனைகள் ஒருசேர அமைய வேண்டும்.

முதலாவது, கோடையில் பனி மூடாத தரை. பனிமேல் முட்டையிட்டால் அது உருகும்போது முட்டை மூழ்கிப் போகும். கூடு கட்டக் கூழாங்கல்லும் அருகில் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, கூட்டிலிருந்து எட்டும் தூரத்தில் திறந்த கடல். கரையோடு ஒட்டிய கடல் பனி கோடையிலும் உடையாமல் இருந்தால், பெற்றோர் பல பத்துக் கிலோமீட்டர் நடந்துதான் கடலை அடைய முடியும். அவை திரும்பி வருவதற்குள் குஞ்சு பட்டினியால் இறந்துவிடும்.

மூன்றாவது, கடல் பனி முற்றிலும் இல்லாமலும் போகக்கூடாது. இது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அடேலி பென்குயின்கள் குளிர்காலத்தை மிதக்கும் பனித் திட்டுகளின் மேல் கழிக்கின்றன. அவை உண்ணும் கிரில் என்ற சிறு இறால் வகையின் குஞ்சுகள், கடல் பனியின் அடிப்பகுதியில் வளரும் பாசியைத் தின்றுதான் குளிர்காலத்தில் பிழைக்கின்றன. பனி இல்லையென்றால் அந்த உணவுச் சங்கிலி தளர்ந்துவிடும்.

ஆக, பனி அதிகமானாலும் பென்குயின் போய்விடும்; மிகவும் குறைந்தாலும் போய்விடும். இதனால்தான் ஒரு காலனி இருந்த காலமும் காலியான காலமும் அந்த இடத்தின் பனி நிலையைக் காட்டுகின்றன.

இதற்கு இன்றும் கண்ணெதிரே ஒரு சான்று இருக்கிறது. ராஸ் கடலின் மேற்குக் கரையில் டிரைகால்ஸ்கி பனி நாக்கு என்று ஒன்று உண்டு. பனியாறு ஒன்று கடலுக்குள் நீண்டு மிதப்பதையே அப்படி அழைக்கிறார்கள். அதன் வடக்கே, கண்டத்தின் உட்பகுதியிலிருந்து பலத்த காற்று வீசிக் கடல் பனியை விலக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தெற்கிலிருந்து மிதந்து வரும் பனியைப் பனி நாக்கு தடுத்துவிடுகிறது. எனவே அங்கே கடல் திறந்தே கிடக்கும். அந்த வடபகுதியில் உள்ள இனெக்ஸ்பிரசிபிள் தீவில் பென்குயின்கள் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றன. பனி நாக்கின் தெற்கே, உடையாத கடல் பனி கரையை அடைத்து நிற்கிறது. இரிசார் முனை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஒன்றில் கூட்டம் நிறைந்திருக்க, மற்றொன்று காலியாகக் கிடக்கிறது. காரணம் கடலுக்குப் போகும் வழி திறந்திருப்பதும் மூடியிருப்பதும்தான்.

வயதை எப்படிக் கணிக்கிறார்கள்?

உயிருள்ள எல்லாவற்றிலும் கார்பன் இருக்கிறது. அதில் மிகச் சிறு பங்கு கார்பன்-14 என்ற கதிரியக்க வகை. உயிர் போன பிறகு புதிதாக அது உடலில் சேராது. இருப்பது மட்டும் மெல்ல மெல்லச் சிதையும். ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். எலும்பில் மீதி எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், அந்த உயிர் இறந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று தெரியும்.

ஆனால் அண்டார்டிகாவில் இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. அங்குள்ள கடலில், ஆழத்தில் பல நூற்றாண்டுகள் கிடந்த பழைய நீர் மேலே ஏறி வருகிறது. அந்த நீரில் உள்ள கார்பனும் பழையது. அது பாசிக்கும், பாசியிலிருந்து கிரிலுக்கும், கிரிலிலிருந்து பென்குயினுக்கும் போகிறது. விளைவு, நேற்று இறந்த பென்குயினைச் சோதித்தாலும் அது இறந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு ஆனது போலக் கணக்கு காட்டும்! இறந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்த பழைய பறவை மாதிரிகளைக் கொண்டு இந்தப் பிழையின் அளவைக் கண்டறிந்து கழித்த பிறகே ஆய்வாளர்கள் வயதைச் சொல்கிறார்கள். இரிசார் முனையின் 800 ஆண்டு என்பதும் அப்படித் திருத்திய கணக்குதான்.

வந்ததும் போனதும்

ராஸ் கடலோரத்துப் பழைய காலனிகளைப் பருவநிலைச் சான்றாக முதலில் விரிவாகப் படித்தவர்களில் இத்தாலிய ஆய்வாளர்கள் கார்லோ பரோனி, ஜியுசெப்பே ஓரொம்பெல்லி ஆகியோர் முக்கியமானவர்கள். 1994இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 4,000 முதல் 3,000 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கரையில் இன்றைக்கு இருப்பதைவிட அதிக இடங்களில் பென்குயின்கள் கூடு கட்டியிருந்தன என்று காட்டினார்கள். பென்குயின்களுக்கு மிகவும் உகந்ததாயிருந்த அந்தக் காலத்தைப் 'பென்குயின்களின் பொற்காலம்' என்று நாம் சொல்லலாம்.

அதன்பின் எம்ஸ்லியும் மற்றவர்களும் தோண்டிய இடங்கள் கதையை நீட்டின. சில மாதிரிகள் 40,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. அதாவது கடைசிப் பெரும் பனியுகம் உச்சத்தை அடையும் முன்பே பென்குயின்கள் அங்கே இருந்திருக்கின்றன. பிறகு பனியாறுகள் கடலுக்குள் முன்னேறி வந்தன. அந்த நீண்ட காலத்துக்குப் பென்குயின் தடயமே இல்லை. பனியுகம் முடிந்து பனி பின்வாங்கிய பிறகு, ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் அவை திரும்பி வந்தன.

திரும்பி வந்த பிறகும் நிலையாக இருக்கவில்லை. தெற்கு ராஸ் கடலில் ஏறத்தாழ 5,000 முதல் 4,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு முறையும், 2,000 முதல் 1,100 ஆண்டுகளுக்கு முன் மறு முறையும் காலனிகள் வெறிச்சோடின.

இங்கேதான் நிதானம் தேவைப்படுகிறது. காலனி காலியானது என்பது மட்டும் தெரிந்தால் போதாது. பனி அதிகமானதாலா, குறைந்ததாலா? மேலே பார்த்தபடி இரண்டுமே பென்குயினைத் துரத்தக்கூடியவை. ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இரண்டாவது சாட்சி

அந்த இரண்டாவது சாட்சி யானை சீல். பெரிய ஆண் சீல் 3,000 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். இது பனி அடைத்த கரையை விரும்பாது. கரையேறி ஓய்வெடுக்கவும் தோலுரிக்கவும் திறந்த கடலும் பனி இல்லாத கடற்கரையும் அதற்குத் தேவை. இன்று இவை பெரும்பாலும் அண்டார்டிகாவுக்கு வடக்கே உள்ள மக்குவாரி தீவு போன்ற இடங்களில்தான் குட்டி போடுகின்றன. ராஸ் கடலிலிருந்து அது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

அப்படியிருக்க, அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெண்டா ஹாலும் அவருடைய குழுவினரும் ராஸ் கடலின் பழைய கடற்கரை மணலுக்குள் யானை சீல்களின் உரிந்த தோலையும் முடியையும் ஏராளமாகக் கண்டெடுத்தார்கள். 2006இல் வெளியான அவர்களின் ஆய்வின்படி, அந்தச் சீல்கள் அங்கே பல ஆயிரம் ஆண்டுகள் வந்து போயிருக்கின்றன. ஏறத்தாழ 2,300 முதல் 1,100 ஆண்டுகளுக்கு முந்திய காலத்தில் அவை அங்கே நன்றாகப் பரவியிருந்தன.

இப்போது இரண்டு சாட்சிகளையும் சேர்த்துப் பாருங்கள். 2,000 முதல் 1,100 ஆண்டுகளுக்கு முன் பென்குயின் இல்லை. ஆனால் யானை சீல் இருந்தது. பனி அதிகமாகியிருந்தால் சீல் வந்திருக்க முடியாது. எனவே அந்தக் காலத்தில் அங்கே கடல் பனி இன்றைவிடக் குறைவாக, வெப்பம் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்திய பொற்காலத்தில் இரண்டுமே இருந்தன. அது பனி அளவாக இருந்த காலம். பிறகு ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து யானை சீல்கள் மறைந்தன. 800 ஆண்டுகளுக்கு முன் இரிசார் முனையைப் பென்குயின்களும் கைவிட்டன. அது குளிர் மீண்டும் இறுகிய காலம். 'குட்டிப் பனியுகம்' என்று சொல்லப்படும் அந்தக் குளிர்ச்சியில் பனி பெருகி இரிசார் முனையையே மூடிவிட்டது.

ஆக, இருவரும் இருந்தால் பனி அளவோடு இருந்தது. சீல் மட்டும் இருந்தால் பனி குறைந்தது. பென்குயின் மட்டும் இருந்தால் சீல் தாங்க முடியாத அளவுக்குக் குளிர் கூடியது. யாருமே இல்லையென்றால் பனி எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. எழுத்தறிவில்லாத இரு உயிர்கள் விட்டுச்சென்ற எலும்பையும் முடியையும் வைத்து இவ்வளவு தெளிவான கணக்கைப் போட முடிகிறது.

முட்டை ஓட்டில் உணவுக் கணக்கு

பென்குயின் என்ன தின்றது என்பதும் அதன் முட்டை ஓட்டில் பதிவாகிறது. உணவுச் சங்கிலியில் மேலே போகப்போக நைட்ரஜனின் கனமான வகை உடலில் கூடுதலாகச் சேரும். மீன் தின்ற பறவையின் ஓட்டில் அது அதிகமாகவும், கிரில் தின்ற பறவையின் ஓட்டில் குறைவாகவும் இருக்கும்.

எம்ஸ்லியும் வில்லியம் பேட்டர்சனும் 38,000 ஆண்டு காலத்தைச் சேர்ந்த முட்டை ஓடுகளைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். மிக நீண்ட காலம் அடேலி பென்குயின்கள் மீனை அதிகம் தின்றிருக்கின்றன. அண்மைய 200 ஆண்டுகளுக்குள்தான் அவை திடீரெனக் கிரிலுக்கு மாறியிருக்கின்றன. ஏன்? அந்த இரு நூற்றாண்டுகளில் மனிதர்கள் தென்கடலில் ரோமச் சீல்களையும் பிறகு திமிங்கலங்களையும் லட்சக்கணக்கில் வேட்டையாடினார்கள். அவை தின்னாமல் விட்ட கிரில் கடலில் மிஞ்சியது. பென்குயின்கள் அந்த மிச்சத்துக்கு மாறின என்பது அவர்களுடைய விளக்கம்.

பருவநிலை பல முறை மாறியும் மாறாத உணவுப் பழக்கம், மனித வேட்டைக்குப் பிறகு மாறியிருக்கிறது. மனிதனே இல்லாத கண்டத்திலும் மனிதனின் கை எட்டியிருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

எல்லாப் பழியும் பருவநிலை மேல் அல்ல

காலியான காலனி எல்லாமே வெப்பத்தாலோ குளிராலோ காலியானது என்று முடிவுகட்டினால் தவறிவிடுவோம். அண்டார்டிகத் தீபகற்பத்துக்கு அருகே உள்ள ஆர்ட்லி தீவு இதைக் கற்றுத்தருகிறது. அங்கே ஜென்டூ என்ற மற்றொரு பென்குயின் இனம் பெருமளவில் வாழ்கிறது. அவற்றின் எச்சம் மழைநீர், பனிநீரோடு அருகிலுள்ள ஏரிக்குள் போய்ப் படிகிறது. எச்சத்தில் பாஸ்பரஸ், துத்தநாகம், செம்பு போன்றவை கூடுதலாக இருக்கும். ஏரிச் சேற்றை நீளமான குழாயில் எடுத்து, அடுக்குக்கு அடுக்கு இவற்றை அளந்தால் எந்தக் காலத்தில் பறவைகள் அதிகம் இருந்தன, எப்போது குறைந்தன என்று தெரியும்.

சீன ஆய்வாளர் சுன் லிகுவாங்கும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் இந்த முறையில் 3,000 ஆண்டுக் கணக்கை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 2,300 முதல் 1,800 ஆண்டுகளுக்கு முன் பறவைகள் மிகவும் குறைந்தன. அது குளிர் காலம் என்றார்கள்.

2017இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதே தீவின் ஏரிச் சேற்றை ஏறத்தாழ 7,000 ஆண்டு அளவுக்கு ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது. பென்குயின்கள் குறைந்த காலங்களில் குறைந்தது மூன்றில், எச்ச அடுக்கின் மேல் எரிமலைச் சாம்பல் படிந்திருந்தது. அருகிலுள்ள டிசெப்ஷன் தீவின் எரிமலை வெடித்துக் காலனியை அழித்திருக்கிறது. மீண்டும் பழையபடி பெருக 400 முதல் 800 ஆண்டுகள் வரை ஆகியிருக்கின்றன. வெப்ப மாற்றத்தோடு சீரான தொடர்பு எதுவும் அந்தத் தீவில் தெரியவில்லை.

கிழக்கு அண்டார்டிகாவின் லாங் தீபகற்பத்தில் காரணம் இன்னொன்று. அங்கே காய்ந்து பதப்பட்ட பென்குயின் உடல்கள் ஏராளமாகக் கிடைத்தன. பெரும்பாலானவை குஞ்சுகள். ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன் ஒரு முறையும், 200 ஆண்டுகளுக்கு முன் ஒரு முறையும் அவை கூட்டமாக மடிந்திருக்கின்றன. கடும் பனிப்பொழிவும் அதன் உருகுநீரும்தான் காரணம் என்று சீன ஆய்வாளர்கள் கண்டார்கள். குஞ்சின் உடலில் உள்ள மென்மயிர் நீர் ஒட்டாத இறகு அல்ல. அது நனைந்தால் குளிரில் விறைத்து இறந்துவிடும்.

முந்திய முடிவைப் பிந்திய ஆய்வு திருத்துகிறது என்பதால் அறிவியலை நம்பக்கூடாது என்று பொருளல்ல. ஒரு செய்தி வந்தவுடன் ஏற்காமல், இன்னொரு சான்றோடு ஒப்பிட்டுப் பார்த்து உறுதிசெய்யும் முறைக்கு இதுவே அடையாளம். கைபேசியில் வரும் ஒவ்வொரு செய்தியையும் அப்படியே பரப்பிவிடும் நமக்கு இது ஒரு பாடமும்கூட.

இன்று நடப்பது

பழைய மண்ணில் படித்தது இன்று கண்ணெதிரே நடக்கிறது. கிழக்கு அண்டார்டிகாவில் பிரெஞ்சு ஆய்வு நிலையத்துக்கு அருகே ஒரு காலனியில் 2016-17 பருவத்தில் ஏறத்தாழ 18,000 ஜோடிகள் இருந்தன. அந்தப் பருவம் முடிந்தபோது உயிரோடு இருந்த குஞ்சுகள் இரண்டே இரண்டு. கரையோரப் பனி உடையாமல் அதிக தூரம் பரவியிருந்ததால் பெற்றோர் நெடுந்தூரம் போக வேண்டியதாயிற்று. 2013-14 பருவத்தில் ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது. எம்பரர் பென்குயின்கள் கடல் பனியின் மேலேயே குஞ்சு வளர்ப்பவை. 2022இன் இறுதியில் பெல்லிங்ஸ்ஹாசன் கடல் பகுதியில் பனி முன்கூட்டியே உடைந்தது. அங்கு தெரிந்திருந்த ஐந்து காலனிகளில் நான்கில், நீந்துவதற்கான இறகு முளைக்கும் முன்பே குஞ்சுகளின் காலடிப் பனி கரைந்துபோனது. ஓரிடத்தில் பனி கூடியும் ஓரிடத்தில் குறைந்தும், இரண்டு வழியிலும் குஞ்சுகள் சாகின்றன.

இரிசார் முனைக்குத் திரும்புவோம். 1980களிலிருந்து ராஸ் கடல் பகுதியில் ஆண்டுச் சராசரி வெப்பம் 1.5 முதல் 2 டிகிரி செல்சியஸ் வரை கூடியிருப்பதாக அந்த ஆய்வு சொல்கிறது. அதனால்தான் 800 ஆண்டுகள் மூடியிருந்த பனி விலகுகிறது. கூழாங்கற்கள் தயாராகக் கிடக்கின்றன. பென்குயின்கள் மீண்டும் அங்கே குடியேறக்கூடும் என்கிறார் எம்ஸ்லி.

அப்படியானால் கவலை எதற்கு?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். "முன்பும் சூடாகத்தானே இருந்தது? பென்குயின்கள் போயின, வந்தன. இப்போது மட்டும் ஏன் இத்தனை கூச்சல்?" நியாயமான கேள்விதான், நம் பிள்ளைகள் கேட்டாலும் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் பதில் காரணத்தைப் பற்றியது. பழைய மாற்றங்களுக்குப் பூமியின் சுற்றுப்பாதையில் ஏற்படும் மெதுவான மாறுதல், கடல் நீரோட்டம், காற்றின் போக்கு, எரிமலை ஆகியவை காரணம். இன்றைய வெப்பத்துக்கு முதன்மைக் காரணம் நாம் எரிக்கும் நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகப் பனிக்கட்டிக்குள் சிக்கிய பழைய காற்றை அளந்து பார்த்ததில், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் அது 300ஐச் சுற்றிய அளவைத் தாண்டவே இல்லை.

இரண்டாவது பதில் பரப்பைப் பற்றியது. ராஸ் கடல் சூடாக இருந்த அந்தப் பழைய நூற்றாண்டுகளில் உலகம் முழுவதும் ஒருசேரச் சூடாகவில்லை. ஒரு கரை கெட்டால் பென்குயினுக்கு இன்னொரு கரை இருந்தது. இன்று வெப்பம் எல்லாப் பக்கத்திலும் கூடுகிறது.

மூன்றாவது பதில் வேகத்தைப் பற்றியது. பழைய இடம்பெயர்வுகளுக்குப் பல நூற்றாண்டு அவகாசம் இருந்தது. எரிமலை அழித்த ஒரு காலனி மீண்டும் பெருகவே 400 ஆண்டு தேவைப்பட்டது என்று பார்த்தோம். இப்போதைய மாற்றம் ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் நடக்கிறது.

கை கட்டி நிற்கத் தேவையில்லை என்பதற்கும் சான்று உண்டு. ராஸ் கடலில் 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பைக் கடல் பாதுகாப்புப் பகுதியாக்க 24 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் 2016இல் ஒப்புக்கொண்டன. 2017 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பெரும்பகுதியில் மீன்பிடிக்கத் தடை. இதனால் வெப்பம் குறையாது. ஆனால் வெப்பத்தோடு போராடும் உயிர்களின் இரையையும் நாமே பறிக்காமல் இருக்க முடிகிறது.

இரிசார் முனையில் கிடந்த குஞ்சுகளைப் பனி 800 ஆண்டு மூடி வைத்திருந்தது. அது விலகியதால் நமக்கு ஒரு வரலாறு கிடைத்தது. அந்தப் பனி ஏன் இப்போது விலகுகிறது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வரலாறு முழுமையாகும்.